துப்புரவுத் தொழிலாளியின் மகன் நாட்டை ஆண்டார்... பிறகு?



"நம்மள மாதிரி ஏழை வீட்டுப் பிள்ளை பதவிக்கு வந்துட்டா போதும், எல்லாம் சரியாயிடும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது மட்டும் போதுமா? ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஷ்ரோடர் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள்.

1944 ஏப்ரலில் பிறந்தார். ஆறே மாதத்தில் அப்பா போரில் இறந்துபோனார். அம்மா துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். 14 வயதில் பள்ளிக்கூடம் முடிந்து கடை வேலைக்குப் போனார் ஷ்ரோடர். பகலில் வேலை, இரவில் படிப்பு! 22 வயதில்தான் பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதி கிடைத்தது. சட்டம் படித்து ஹானோவரில் வக்கீலானார். 1980இல் நாடாளுமன்ற உறுப்பினர், 1990இல் மாநில முதல்வர், 1998இல் நாட்டின் சான்சலர்!

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தது நான்தான். இதைப் படிக்கும்போது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? 2003இல் ஈராக் போருக்குப் படை அனுப்ப மாட்டேன் என்று அமெரிக்காவிடமே உறுதியாக நின்றவர் அவர். அதற்கு ஒரு சபாஷ்!

ஆனால் அதே 2003இல் 'அஜெண்டா 2010' கொண்டுவந்தார். அதுவரை நீண்டநாள் வேலையில்லாதவர்களுக்குப் பழைய சம்பளத்தைக் கணக்கிட்டு உதவித்தொகை தந்தார்கள். 2005 ஜனவரி முதல் அது ஒழிந்தது. மேற்குப் பகுதியில் தனி ஆளுக்கு மாதம் 345 யூரோ, வாடகை தனி. கையிலிருக்கும் சேமிப்பையும் கணக்குப் பார்த்தார்கள். பிற்பாடு வேலையின்மை குறைந்தது உண்மைதான். அது இந்தத் திட்டத்தாலா என்று பொருளாதார நிபுணர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் அன்றைக்குச் சுமை ஏறியது யார் தோளில்? அவர் அம்மாவைப் போன்றவர்கள் தோளில்தானே!

2005 நவம்பரில் பதவி போனது. அடுத்த மாதமே, தான் பதவியில் இருந்தபோது ஆதரித்த ரஷ்ய எரிவாயுக் குழாய்த் திட்டத்தில் பொறுப்பு ஏற்கப்போவதாகச் செய்தி வந்தது. 2017இல் ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட்டின் இயக்குநர் குழுத் தலைவரானார். 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகும் சில மாதம் அங்கேயே இருந்தார். அந்த மே மாதம் நாடாளுமன்றக் குழு, முன்னாள் சான்சலருக்கான அலுவலகத்தைப் பறித்தது.

எங்கே பிறந்தார் என்பதை வைத்துக் கைதட்டலாம். ஓட்டுப் போட அது போதாது. எதில் கையெழுத்துப் போட்டார் என்று கேட்க வேண்டும். நாளைக்கு நாமும் சூப்பர்வைசராக நிற்கும்போது, "இவன் நம்மாளு" என்று ஹெல்ப்பர்கள் நம்புவார்கள். அவர்களும் நம்மிடம் இதே கேள்வியைக் கேட்கட்டும்!

சிந்திப்போம் நண்பர்களே!