நீ படித்ததை எனக்கும் சொல்!



நல்ல நூல்களைப் படிக்க வேண்டும் என்று நமக்கு அறிவுரை கூறாதவர் யார்? காலைக் கூட்டத்தில் கேட்கிறோம். பரிசளிப்பு விழாவில் கேட்கிறோம். நூலக வார விழாவில் சிறப்பு விருந்தினர் கூறக் கேட்டுக் கைதட்டுகிறோம். பிறகு வகுப்பிற்குத் திரும்பி வந்து வினா-விடைப் புத்தகத்தை விரிக்கிறோம். அறிவுரை கூறியவர் மீது குறை இல்லை. கேட்ட நாமும் சோம்பேறிகள் அல்லர். "நல்ல ஊருக்குப் போ" என்று மட்டும் சொன்னால் எந்தப் பேருந்தில் ஏறுவது? அது போலத்தான் "நல்ல புத்தகம் படி" என்பதும்.

ஆனால் அதே நாளில், பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழி, "நேற்று ஒரு கதை படித்தேன், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, உனக்கும் தரட்டுமா?" என்று கேட்டால் என்ன நடக்கிறது? உணவு இடைவேளைக்குள் அந்தப் புத்தகத்திற்கு மூன்று பேர் வரிசையில் நிற்கிறோம்! ஆகவே என் கருத்து இதுதான்: நம்மைப் படிக்க வைப்பது பெரிய பட்டியல் அன்று, நம்மை அறிந்த ஒருவர் நம்மிடம் சொல்லும் ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்வது படித்தவளின் கடமை.

இது ஒரு சிறுமியின் ஆசை என்று எண்ண வேண்டாம். தமிழ் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1880ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அப்போது அவருக்கு வயது 25. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்பவரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீண்ட வரிசையைச் சொன்னார். முதலியாருக்கு அது போதவில்லை. இவற்றிற்கெல்லாம் முந்தைய நூல்களான சீவக சிந்தாமணி போன்றவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடை. முதலியார் அத்துடன் விடவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியையும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

பிறகு நடந்ததை உலகம் அறியும். சிந்தாமணியில் புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார் ஐயர். 1887ல் அந்நூலை அச்சிட்டார். 1889ல் பத்துப்பாட்டு, 1894ல் புறநானூறு என்று ஏட்டுச் சுவடிகளில் உறங்கிக் கிடந்த பழந்தமிழ் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. முதலியார் அன்று, "அடடா, நிறையப் படித்திருக்கிறீரே!" என்று பாராட்டி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஒருவர் கேட்டார், பெயர் சொன்னார், கையில் கொடுத்தார். இம்மூன்றும்தான் ஒரு நூலைப் பரிந்துரைக்கும் முறை.

அவ்வாறு அச்சேறிய பத்துப்பாட்டில் நம் மாவட்டத்திற்கு உரிய பாட்டு ஒன்று இருக்கிறது. அதுவே மலைபடுகடாம். நமது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலும் அதன் ஒரு பகுதியைப் படித்திருக்கிறோம். நமக்கு மேற்கே உள்ள செங்கம்தான் அன்று செங்கண்மா. அங்கே ஆண்ட நன்னன் என்னும் வள்ளலைப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடினார். அது ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தது. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் கூத்தனை நிறுத்தி, நான் பெற்றது போல் நீயும் பெறலாம், இந்த வழியில் போ என்று கூறுவதே ஆற்றுப்படை. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு இதை மறந்து விடுகிறோம். சற்றே சிந்தித்துப் பாருங்கள்! தனக்குக் கிடைத்ததைத் தன்னோடு வைத்துக் கொள்ளாமல் எதிரே வருபவருக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி நமது மொழி.

அந்தக் கூத்தன் வழி சொல்லும் அழகையும் பாருங்கள். நன்னன் நல்லவன், போய் வா என்று இரண்டு சொல்லில் முடித்துவிடவில்லை. எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தப் பாறை வழுக்கும், எங்கே தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் வந்து விழும் என்று எச்சரிக்கிறான். எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்கிறான். போய்ச் சேர்ந்தால் எத்தகைய வரவேற்பு என்றும் சொல்கிறான். நம் ஊரில் பௌர்ணமி நாளில் 14 கிலோமீட்டர் மலை சுற்ற வரும் வெளியூரார், முன்பே நடந்தவர்களிடம் கேட்பதும் இதைத்தானே? தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, கால் எங்கே சுடும் என்றுதான் கேட்கிறார்கள்.

நாமும் நூலுக்கு இப்படித்தான் வழி சொல்ல வேண்டும் என்பேன். "சூப்பர் புத்தகம்!" என்று சொன்னால் போதாது. யாருக்கு ஏற்றது? எந்த இடம் கடினம்? படித்தவளுக்குக் கிடைத்தது என்ன? எங்கே கிடைக்கும்? இந்நான்கையும் சொல்லிவிட்டால் கேட்பவள் தானே முடிவு செய்து கொள்வாள். முடிவில் யார் இறந்தார், யாரை யார் மணந்தார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வழி காட்டுபவர் ஊரையே தூக்கிக் கொண்டு வந்து காட்ட வேண்டியதில்லை!

சொன்னதைச் செய்து காட்ட வேண்டாமா? இதோ, இவ்வாண்டு நான் படித்தவற்றுள் நான்கு நூல்களுக்கு என் ஆற்றுப்படை.

முதலாவது, உ. வே. சா. அவர்களின் "என் சரித்திரம்". ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு மாணவரின் கதை. படிக்க வசதியில்லையே என்று ஏங்கும் தோழிக்கு ஏற்றது. நூலின் பருமனைக் கண்டால் கை நடுங்கும். அதுதான் வழுக்குப் பாறை. ஆனால் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சிறியவை. நாளுக்கு ஒன்று போதும். 1942ல் ஐயர் மறைந்ததால் நூல் முற்றுப் பெறாமல் நின்றுவிட்டது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, "நிலம் பூத்து மலர்ந்த நாள்". மலையாளத்தில் மனோஜ் குரூர் எழுதிய புதினம். தமிழாக்கியவர் கே. வி. ஜெயஸ்ரீ, நம் திருவண்ணாமலையில் வாழ்பவர்! வெளியிட்ட வம்சி பதிப்பகமும் நம் ஊரைச் சேர்ந்ததே. மொழிபெயர்ப்பிற்கான 2019ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது இதற்குக் கிடைத்தது. பஞ்சம் தாங்காமல் வள்ளலைத் தேடிப் புறப்படும் பாணர், கூத்தர் கூட்டத்தின் கதை. கபிலரும் பரணரும் ஔவையும் கதைமாந்தராக நடமாடுகிறார்கள். தொடக்கத்தில் பழஞ்சொற்கள் சற்று மலைக்க வைக்கும். முப்பது பக்கம் பொறுத்தால் பழகிவிடும். செய்யுள் என்றாலே ஓடும் தோழி இதைப் படித்துவிட்டு மலைபடுகடாத்திற்கு வரட்டும். உரை இல்லாமலே பாதி புரியும். 1880ல் ஒருவர் சொன்ன சொல்லால் அச்சிற்கு வந்த சங்க நூல்கள், மலையாள எழுத்தாளர் ஒருவரின் உள்ளத்தில் புகுந்து, நம் ஊர்ப் பெண்மணி ஒருவரின் பேனா வழியாக மீண்டும் நம்மிடமே வந்திருக்கின்றன. எத்தனை கை மாறி வந்த செல்வம்!

மூன்றாவது, ராஜம் கிருஷ்ணன் எழுதிய "கரிப்பு மணிகள்". தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கை. நம் வயதுப் பெண்கள் வெயிலில் உப்பு வாரும் துன்பத்தை ஆசிரியை அங்கேயே சென்று கண்டறிந்து எழுதினார். வட்டார வழக்குப் பேச்சு முதலில் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் விளங்கும். மனம் கனக்கும் நூல். ஆகவே தேர்வுக்கு முதல் நாள் வேண்டாம்! படித்த பிறகு சோற்றில் போடும் உப்பை முன்போல் அலட்சியமாக அள்ள முடியாது.

நான்காவது, வீரமாமுனிவரின் "பரமார்த்த குரு கதை". 1680ல் இத்தாலியில் பிறந்த பாதிரியார், தமிழில் நம்மை இப்படிச் சிரிக்க வைக்கிறார். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் சீடர்களின் கதை. கணக்குத் தேர்வில் மனம் உடைந்த மாலை நேரத்திற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அரை நாளில் முடித்துவிடலாம். தம்பி தங்கையருக்கும் படித்துக் காட்டலாம்.

இனி, என் கருத்தை மறுப்பவர்களுக்கு விடை கூறுவேன். "பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறது, கதைப் புத்தகத்திற்கு நேரம் ஏது?" என்பது முதல் மறுப்பு. பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வந்ததும் நூலக வகுப்பு கணக்கு வகுப்பாக மாறிவிடுகிறது. வீட்டிலோ, பெண் கையில் கதைப் புத்தகத்தைக் கண்டால் உடனே ஒரு வேலை முளைக்கிறது. நாளுக்கு 15 நிமிடம், 10 பக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதத்திற்கு 300 பக்கம் ஆகிறது. செல்பேசியில் யாரோ ஆடுவதைப் பார்க்கும் நேரத்தில் இது கால் பங்கும் இராது. நேரம் இருக்கிறது. அடுத்து எதைப் படிப்பது என்று சொல்லும் தோழிதான் வேண்டும்.

"மாணவியர் தாமே பரிந்துரைத்தால் தகாத புத்தகங்கள் பரவிவிடும், பெரியவர்கள் சொல்வதே நல்லது" என்பது இரண்டாவது மறுப்பு. பெரியவர்கள் சொல்லட்டும், வேண்டாம் என்று யார் கூறுவார்? ஆனால் மறைத்துப் படிக்கும் புத்தகம் பையின் அடியில்தான் பயணம் செய்கிறது. வெளிப்படையாகப் பேசும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. நல்லதைப் பற்றிப் பேச்சு மிகுந்தால் அல்லது தானே ஒதுங்கும்.

"ஒருத்திக்குப் பிடித்தது இன்னொருத்திக்குப் பிடிக்குமா?" என்பது மூன்றாவது மறுப்பு. பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகரும் தமக்குரிய நூலைப் பெற வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்னும் கருத்து அவற்றில் உள்ளது. அலமாரியில் தூசு படிந்து நிற்கும் நூல் கெட்ட நூல் என்பதில்லை. தனக்குரியவளை இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவே. அதே 1931ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நமக்கு வண்டியும் வேண்டாம், மாடும் வேண்டாம். வாய் இருந்தால் போதும்!

தோழியரே, ஒரு செய்தியை மட்டும் மறக்க வேண்டாம். இவ்வகுப்பில் இருக்கும் நாம் எல்லோரும் அடுத்த ஆண்டும் ஒன்றாகப் படிப்போமா? சிலர் வேறு பள்ளிக்குச் செல்வார்கள். சிலர் குடும்பச் சூழ்நிலையால் படிப்பையே நிறுத்தக் கூடும். பள்ளி நூலக அட்டை அன்றோடு முடிந்துவிடும். கரிப்பு மணிகளை எழுதிய ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதிலேயே திருமணம் ஆயிற்று. கல்லூரிப் படியை மிதிக்காத அவர், வீட்டிலிருந்தபடியே படித்தும் எழுதியும் 1973ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பள்ளியை விட்டுச் செல்லும் தோழிக்கு நாம் கொடுக்கக் கூடிய சீதனம் எது? இன்னும் படிக்க இன்னின்ன நூல்கள் இருக்கின்றன, மாவட்ட மைய நூலகத்தில் சிறு தொகை கட்டி உறுப்பினராகலாம், அங்கே மதிப்பெண் பட்டியல் கேட்கமாட்டார்கள் என்னும் செய்தியே அது.

ஆகவே நம் நூலகத்தில் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு "நூல் ஆற்றுப்படை" என்று பெயரிடலாம். நூலைத் திருப்பித் தரும் ஒவ்வொரு மாணவியும் நான்கே வரி எழுத வேண்டும். யாருக்கு ஏற்றது, எங்கே கடினம், என்ன கிடைத்தது, எங்கே இருக்கிறது என்னும் நான்கு செய்திகள். முடிக்க முடியாமல் பாதியில் வைத்தவளும் எங்கே நின்றாள் என்று எழுதலாம். அதுவும் பின்னால் வருபவளுக்குப் பயன்படும். ஆறாம் வகுப்புத் தங்கை எழுதுவதைப் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா படிக்கட்டும். அக்கா எழுதுவதைத் தங்கை படிக்கட்டும். இவ்வாண்டு மலரைப் படித்து முடித்தவுடன், நீ கடைசியாகப் படித்த புத்தகத்தின் பெயரைப் பக்கத்திலிருப்பவளிடம் சொல். அவளிடமும் கேள். பெற்றதை மறைக்காமல் பிறருக்கு வழி காட்டிய கூத்தர்கள் நடந்த மண் இது. நாமும் வழி காட்டுவோம்!

படிப்போம்! பகிர்வோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, திருவண்ணாமலை