கழற்றி வைக்கச் சொன்ன படம்

குன்னூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் லைன் வீடு. கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்த தங்கை ஒருத்தி எங்களிடம் கேட்டாள்: "அண்ணா, விசாரிக்க ஆள் வருவாங்களாம். அந்தப் படத்தக் கழட்டி வச்சிரவா?"

படத்தில் இருந்தவர் சிறுமலர் தெரேசா. கையில் சிலுவை, ரோஜாப்பூக்கள். பக்கத்தில் மாரியம்மன் காலண்டர். குடும்பம் இந்து ஆதிதிராவிடர். யாரும் ஞானஸ்நானம் பெறவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கப் போகுமுன் அம்மா தினமும் தெரேசாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்.

"கழட்டி வைம்மா" என்றுதான் சொன்னோம். சொல்லிவிட்டுக் கீழே இறங்கும்போது எங்களுக்கே கூசியது.

தெரேசா பிரான்சில் லிசியு நகரத்துக் கார்மேல் மடத்தில் 15 வயதில் சேர்ந்தவர். 1897இல் காசநோயால் இறந்தபோது வயது 24. 1925இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பெரிய காரியம் செய்ய முடியாதவர்கள் சின்னச் சின்ன வேலைகளை அன்போடு செய்தால் போதும் என்பது அவர் காட்டிய வழி. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஏன் இவரைப் பிடிக்கும் என்று கேட்டோம். "சின்னப் பொண்ணு தம்பி. நெஞ்சு நோவுல செத்துப்போச்சாம். நம்ம பிள்ள மாதிரி இருக்கு" என்றார். படமே எதற்கு என்று கேட்கும் பகுத்தறிவுத் தோழர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த விவாதத்தை அம்மாவோடு நாம் எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம். அரசாங்கம் நடத்த முடியாது.

ஆனால் அரசாங்கம் நடத்துகிறது. ராமநாதபுரத்தில் ஒரு பெண் மருத்துவர் கிறிஸ்தவரை மணந்தார். அவருடைய கிளினிக்கில் சிலுவை மாட்டியிருந்ததைப் பார்த்துச் சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளுபடி செய்து, இது அதிகாரிகளின் குறுகிய மனப்பான்மை என்றது. மகாராஷ்டிராவில் 17 வயது மகர் மாணவி ஒருவரின் வீட்டில் ஏசு படம் இருந்ததாம். அமராவதி சரிபார்ப்புக் குழு அவர் கோரிக்கையை நிராகரித்தது. யாரோ பரிசாகக் கொடுத்த படம், நாங்கள் பௌத்தர்கள் என்றது குடும்பம். 2023இல் நாக்பூர் அமர்வு மாணவி பக்கம் நின்றது.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் உற்றுப் பாருங்கள் தோழர்களே. படம் இருப்பதாலேயே மதம் மாறியதாகச் சொல்ல முடியாது என்கின்றன. அதாவது, பக்தி சும்மாவாக இருக்கும்வரை உனக்குப் பாதுகாப்பு. நாளைக்கே இந்த அம்மா உண்மையாக நம்பி, ஞானஸ்நானம் பெற்றுவிட்டால்? தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவர் ஆகிவிடுவார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு இல்லை. அதே லைன், அதே கூலி, அதே பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர். மாறியது சாமி மட்டும்.

இதற்கெல்லாம் வேர் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கச் சொல்லி 2007இல் அறிக்கை கொடுத்தது. 2023இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022இல் இன்னோர் ஆணையத்தை அமைத்தது.

"கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே" என்பவர்கள் நீலகிரியையே பார்க்கட்டும். தோடர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்கள் பழங்குடிப் பட்டியலில்தான் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். பழங்குடியை மதம் மாற்றாது, தலித்தை மட்டும் மாற்றிவிடுமா? நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி, கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. ஞானஸ்நானம் பெற்ற ஒரு தலித் தேயிலைத் தொழிலாளி இரண்டிலும் நிற்க முடியாது.

திருச்சபையையும் விடுவதற்கில்லை. தெரேசாவின் படத்தைக் கொடுக்கிறது, தாழ்ச்சியைப் போதிக்கிறது. ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்டவளுக்கு எதற்குத் தாழ்ச்சிப் பாடம்? திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைக்கூடச் சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். தனக்குள் தீண்டாமை இருப்பதை ஆயர் பேரவையே 2016இல் தன் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 10இல் கறுப்புக்கொடி பிடித்தால் மட்டும் போதாது. அந்தச் சுவர்களையும் இடிக்க வேண்டும்.

தங்கைக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. படம் இன்னும் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. மாட்டிவிடலாமே அம்மா என்றோம். "வேலைக்குச் சேரும்போது திரும்பவும் பாக்க வருவாங்களாமே தம்பி" என்கிறார்.