பாடபேதமும் மூலநிரலும்

சென்ற ஆண்டு சாரல் காலத்தில் என் பழைய மாணவன் ஒருவன் குற்றாலம் வந்திருந்தான். தமிழ் இளங்கலை முடித்துவிட்டு நிரல் எழுதப் போனவன். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தவனிடம், வெகுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒன்றைச் சொன்னேன்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் சுற்றுவட்டார ஊர்களில் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டுகளைச் சேகரித்தார்கள். ஒரு சிறு நிறுவனம் அவற்றைத் தேடும் வசதியோடு கணினியில் ஏற்றித் தந்தது. நிறுவனம் இன்று இல்லை. குறுந்தகட்டைத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன. அது யூனிகோடு அல்லாத ஏதோ ஓர் எழுத்துரு. மூலநிரல் எவரிடமும் இல்லை. பாடிய பாட்டிமாரில் பலரும் இல்லை.

“ஜாங்கோவில் மறுபடி கட்டலாம் ஐயா” என்றான் அவன். ஜாங்கோ என்பது இணையச் செயலிகளைக் கட்டுவதற்கான திறமூலக் கருவித்தொகுப்பு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் நகரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005இல் பொதுவில் வெளியிடப்பட்டது. ஒரு கிடார் கலைஞரின் பெயரைச் சூட்டினார்கள். எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம்.

அதை உருவாக்குவோர் தமக்குள் நடத்தும் விவாதங்களையும் காட்டினான். என்னை வியக்கவைத்தவை அவைதாம். ஒரு பழைய வசதியை நீக்கவேண்டுமானால் உடனே நீக்குவதில்லை. குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு முன்னரே எச்சரிக்கை தருகிறார்கள். யார், எந்த வரியை, எப்போது, எதற்காக மாற்றினார் என்பது பதிவாகிறது. ஏற்கப்படாத யோசனைக்கும் காரணம் எழுதிவைக்கிறார்கள்.

தமிழ் படித்தவனுக்கு இது அந்நியமான உலகமன்று. ஏடு பெயர்த்து எழுதியவர் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ மூலத்தைத் திருத்தினார்கள்; திருத்தியவர் பெயரில்லை, காரணமில்லை. அந்தக் காட்டுக்குள் புகுந்தவர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதையும், பாடபேதங்களைப் பதிவு செய்வதையும் அவர் ஒரு கடமையாகவே கொண்டார்.

குற்றாலத்துக்கும் இதில் பங்குண்டு. ரசிகமணி டி.கே.சி. (1882-1954) இங்கே வாழ்ந்தவர். அவரது வட்டத்தொட்டியில் கம்பனைக் கேட்டுக் கிறங்கியவர்கள் ஏராளம். இடைச்செருகல் என்று அவர் கருதிய பாடல்களை ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் தம் செவிக்கு இசைய மாற்றினார். அவரது ரசனையின் முன் நான் என்றும் மாணவன். ஆனால் திருத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எது கம்பன் எது ரசிகமணி என்று வாசகன் பிரித்தறிய வழி வேண்டும். ரசனை திருத்தலாம், தடயத்தை அழிக்கக் கூடாது. திறமூலச் சமூகம் இந்த நெறியைத் தன் அன்றாட ஒழுக்கமாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறது.

தென்காசியில் மென்பொருள் எழுதப்படுவது இன்று வியப்பான செய்தியன்று. சோகோ நிறுவனம் 2011இல் இங்கு அலுவலகம் தொடங்கியது. மத்தளம்பாறையில் அதன் வளாகம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதியதை உலகம் பயன்படுத்துகிறது, பெருமைதான். ஆனால் நிறுவனத்தின் நிரல் நிறுவனத்துக்கே உரியது, அதில் பிழையுமில்லை. ஒரு மொழியின் சேமிப்புக்கு மட்டும் அந்த ஏற்பாடு போதாது என்பதே என் கட்சி. நிறுவனங்கள் தோன்றும், மறையும். ஒப்பாரி அவற்றையும் தாண்டி இருக்கவேண்டும்.

“இலவசமாகக் கிடைப்பதை நம்பலாமா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாங்கள் காசு கொடுத்து வாங்கியதுதானே போயிற்று! ஆனால் திறமூலம் என்ற சொல்லே காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. பராமரிக்க ஆளில்லாத நிரல், படிக்க ஆளில்லாத ஏடு போன்றது. ஜாங்கோவின் மொழிப்பட்டியலில் தமிழ் இருக்கிறது. விவாதங்களோ ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. நம் மாணவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், வாய் திறப்பதில்லை. இடைமுகச் சொற்களைத் தமிழாக்குவதும், பயன்பாட்டுக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவதும் தமிழ்த்துறை செய்யக்கூடிய வேலைகளே. அவற்றைக் கணினித்துறையின் தலையில் கட்டிவிட்டு நாம் கலைச்சொல் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரிகள் இனி மென்பொருள் செய்யச் சொல்லும்போது இரண்டைக் கேட்டு வாங்கட்டும்: மூலநிரல் நம் கைக்கு வரவேண்டும், தரவு யூனிகோடில் வெளியே எடுக்கும்படி இருக்கவேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு வரி. அதை எழுதாமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

பழைய அலமாரியில் சேகரிப்புக் குறிப்பேடுகளில் ஒரு பகுதி மட்டும் அகப்பட்டது. இவ்வாண்டு மாணவர்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள். வாசிக்க முடியாத இடங்களில் ஊகித்து எழுதாமல், ‘தெளிவில்லை’ என்று குறித்துத் தம் பெயரையும் தேதியையும் இடச் சொல்லியிருக்கிறேன்.