பள்ளத்துக்குப் பக்கத்து வீடு



தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கியிருப்பீர். குளிர்ந்த காற்று, பளிங்கெனப் பளபளக்கும் தரை! வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை, ஒன்பது கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. அதில் தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை ஆகிய இரு நிலையங்களே மண்ணுக்குள் அமைந்தவை. ஏனையவை தூண்மீது நிற்பவை. வடசென்னைக்கும் வந்ததே வசதி என வாழ்த்தினோம். வாழ்த்தத்தான் வேண்டும். ஆயினும், மண்ணுக்குள் மாளிகை எழுப்புவோர் எதனோடு மல்லுக்கு நிற்கின்றனர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் பொறியியல் பட்டதாரியல்லன். கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆனால் நாடகப் பந்தல் போட்டவன். மழைக்காலத்தில் இந்த வட்டாரத்தில் பந்தற்கால் நட இரண்டு முழம் தோண்டினால் போதும், தண்ணீர் எட்டிப் பார்க்கும்! கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இடையே மணலும் களிமண்ணும். நீர்மட்டத்துக்குக் கீழே 15 மீட்டர் ஆழத்தில் தளம் போட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் 15 டன் விசையோடு நீர் மேலே தள்ளும். கப்பலைத் தாங்கும் அதே நீர், கட்டடத்தையும் மிதக்கவிடப் பார்க்கும். துறைமுகத் தொழிலாளிக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

ஆகவே முதலில் சுவர், பிறகே பள்ளம். குறுகிய அகழி வெட்டி, அது சரியாதபடி பென்டோனைட் குழம்பை நிரப்பி, இரும்புக் கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுகிறார்கள். அதன்பின் மண்ணை அள்ளி, குறுக்கே முட்டுக் கொடுத்து, நீரை இறைக்கிறார்கள். சுவருக்குள் இறைக்கும்போது வெளியிலும் நீர்மட்டம் தாழ்ந்தால்? மண் அமுங்கும்; பக்கத்துப் பழைய வீடு விரிசல் விடும். அந்த வீட்டில் வாழ்பவன் வரைபடத்தில் இல்லை!

இன்னொன்றும் கேளீர். 2013இல் இதே தண்டையார்பேட்டையில் நிலத்தடி எண்ணெய்க் குழாய் கசிந்தது. குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. இறைக்கும் இடம் நோக்கி நீர் ஓடும்; நீரோடு அது சுமக்கும் நஞ்சும் ஓடும். இங்கே பள்ளம் வெட்டுவோர் மண்ணை மட்டும் சோதித்தால் போதுமா?

பிறர் பட்ட பாடு நமக்குப் பாடமாகட்டும். சிங்கப்பூர், 2004 ஏப்ரல் 20: நிக்கல் நெடுஞ்சாலையோரம், மெட்ரோவுக்காகத் தோண்டிய ஏறத்தாழ 30 மீட்டர்ப் பள்ளம் சரிந்தது. நால்வர் மாண்டனர். முட்டுகள் இணையும் இடம் வலுவற்றதாக வடிவமைக்கப்பட்டிருந்தது. அளவுக் கருவிகள் முன்பே எச்சரித்தன. எச்சரிக்கையை மதிக்காமல் வேலை தொடர்ந்ததை விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது. கொல்கத்தா பவ்பஜாரில், 2019 ஆகஸ்டு இறுதியில், சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டது. மேலே பழைய வீடுகள் இடிந்தன. நூற்றுக்கணக்கானோர் விடுதிகளில் தஞ்சம் புகுந்தனர்.

தோண்டாதே என்று சொல்ல நான் பத்தாம்பசலியல்லன். மெட்ரோ வரட்டும், அங்காடிகளுக்கு அடியிலே மூன்றடுக்கு வண்டி நிறுத்தமும் வரட்டும். நான் கேட்பது ஒரு பலகை, அவ்வளவே! சுவர் எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்தது, வெளியே நீர் எவ்வளவு இறங்கியது, பக்கத்து வீடு எவ்வளவு அமுங்கியது, எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பவற்றை நாள்தோறும் தெருமுனையில் எழுதி வைக்கட்டும். பொறியாளர் கையேட்டில் உறங்கும் எண்களைத் தெருவார் படிக்கட்டும். எல்லை மீறிய நாளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் எவருக்கு என்பதையும் அந்தப் பலகையிலேயே, நல்ல தமிழில், எழுதட்டும்.