தேயாத எந்திரமும் தேய்க்கப்பட்ட மதிப்பும்

மைசூருவில் 'குஜரி'க் கடை என்றால் பழைய இரும்பையும் தாளையும் நெகிழியையும் எடைக்கு எடுக்கும் கடை. சில ஆண்டுகளாக அக்கடைகளின் தராசில் கணினிகளும் ஏறுகின்றன. பெட்டிக்கு இரும்பு விலை, கம்பிக்குச் செம்பு விலை, சுற்றுப்பலகைக்குத் தனி விலை. அவற்றுள் பல பழுதுபட்டவை அல்ல. மின்சாரம் கொடுத்தால் இன்றும் ஓடக்கூடியவை. ஓடும் எந்திரம் ஏன் எடைக்குப் போகிறது என்று கேட்டால் முதலாளிய ஏடுகள் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு: தொழில்நுட்பம் வளர்கிறது, பழையது மதிப்பிழக்கிறது, இது இயற்கை.

அந்த 'இயற்கை'யின் அண்மைச் செயல் ஒன்றுக்குத் தேதி இருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில்தான். இந்த ஒரு முடிவால் மறுவிற்பனைக்கு உதவாமற்போகும் கணினிகள் உலகெங்கும் 24 கோடி இருக்கலாம் என்று கெனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023-லேயே மதிப்பிட்டது. அவை அக்டோபர் 15 காலையில் நின்றுவிடவில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத எந்திரத்தை எந்த வங்கியும் அலுவலகமும் தன் வலையமைப்பில் வைத்திருக்கத் துணியாது. பயன்மதிப்பு அப்படியே இருக்க, பரிவர்த்தனை மதிப்பு மட்டும் ஓர் அறிவிப்பால் வெட்டி எறியப்பட்டது.

பழைய செயலியால் புதிய இயங்குதளத்தைத் தாங்க இயலாது என்பது உண்மையானால் விலக்கு இருக்கக் கூடாது. விலக்கு இருந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 ஏழாம் தலைமுறைச் செயலி ஒன்றில் ஓடியது. அந்தச் செயலி பட்டியலில் சேர்க்கப்பட்டது. மேலும் ஓராண்டுக்குத் திருத்தங்கள் வேண்டும் தனிநபர் 30 டாலர் செலுத்த வேண்டும், அல்லது தன் கணினி அமைப்புகளை நிறுவனத்தின் சேமிப்பகத்தோடு இணைக்க வேண்டும் என்றார்கள். நுகர்வோர் அமைப்புகள் நெருக்கியதும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் அந்த நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. இந்தியாவில் தளர்த்தப்படவில்லை. நெருக்கினால் வளைவது இயற்கை விதி ஆகாது.

'மூலதனம்' முதல் தொகுதியின் எந்திரம் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இருவகைத் தேய்மானங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, உழைத்தும் துருப்பிடித்தும் எந்திரத்தின் உடல் தேய்வது. மற்றொன்று, அதே எந்திரத்தை மலிவாகச் செய்ய முடியும்போதோ, அதனினும் மேம்பட்டது போட்டிக்கு வரும்போதோ பழையதன் மதிப்பு தேய்வது. இரண்டாவதைத் 'தார்மிகத் தேய்மானம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தமிழில் அறநூல் வாடை வீசும். மதிப்புத் தேய்மானம் என்பதே பொருளுக்கு நெருக்கம். அங்கே மார்க்ஸ் காட்டும் சான்று சார்லஸ் பேபேஜ் 1832-இல் எழுதிய நூலிலிருந்து வருகிறது. 1,200 பவுன் கொடுத்து வாங்கிய வலைத்துணி எந்திரம் சில ஆண்டுகளில், நல்ல நிலையில் இருக்கும்போதே, 60 பவுனுக்கு விற்றதாம். புதுப்புது மேம்பாடுகள் விரைந்து வந்ததால் பாதி செய்த எந்திரங்கள்கூடப் பட்டறையிலேயே கைவிடப்பட்டனவாம். கணினியின் தந்தை என்று போற்றப்படும் அதே பேபேஜ்தான் இவர்.

வலைத்துணி எந்திரத்துக்கும் இன்றைய கணினிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அதைத் தவறவிட்டால் ஆய்வு பழைய வாய்பாடாகிவிடும். அன்று மதிப்பைத் தேய்த்தது முதலாளிகளுக்கிடையேயான போட்டி. இன்று விண்டோஸ் 10 கணினியின் மதிப்பைத் தேய்த்தது, அந்த எந்திரத்தைச் செய்யாத, அதன் உரிமையாளரும் அல்லாத ஓர் ஏகபோகம். உரிமக் காகிதத்தின் வழியாக விற்ற பொருளின் மீதும் அதன் பிடி தொடர்கிறது. மேம்பாட்டின் பெயரால் நடப்பது வாடகைப் பறிப்பு.

பேபேஜின் சான்றோடு மார்க்ஸ் நிறுத்தவில்லை. எந்திரத்தின் மதிப்பு கரையுமுன் அதிலிருந்து முழுதும் கறந்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், வலைத்துணி முதலாளிகள் இரட்டை அணி ஆட்களை வைத்து எந்திரம் ஓடும் நேரத்தை 8 மணியிலிருந்து 24 மணியாக நீட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பழைய கணினியின் விலை தொழிலாளர் சிக்கலாக மாறும் இடம் இதுதான். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் விதித்த ஆயுள் மூன்று ஆண்டு. எஞ்சுமதிப்பு ஐந்து விழுக்காட்டுக்கு மிகாது. வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம். நூறு ரூபாய்க் கணினி மூன்றாண்டில் 21 ரூபாய் 60 காசு. எந்திரத்துக்கு மூன்றாண்டு ஆயுளை எழுதிவைத்துவிட்டு உழைப்பு நேரத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கும். நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் வாரத்துக்கு 70 மணி நேர உழைப்பு கேட்டார். 2024-இல் கர்நாடகத் தகவல் தொழில்நுட்ப முதலாளிகள் நாளொன்றுக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழி கேட்டார்கள். 2025 ஜூனில் காங்கிரஸ் அரசு மிகைநேரம் உட்பட 12 மணி நேரத்துக்கு இடமளிக்கும் திருத்தத்தை முன்மொழிந்தது. இரு முறையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்தது அத்துறை ஊழியர்களின் சங்கமான கேஐடியு.

மைசூரு ஹெப்பாளில் இன்ஃபோசிஸின் பயிற்சி வளாகம் இருக்கிறது. 2022-இல் தேர்வாகி, இரண்டாண்டுக்கு மேல் காக்கவைக்கப்பட்டு, 2024 அக்டோபரில் சேர்க்கப்பட்ட பயிற்சியாளர்களில் 300-க்கும் மேற்பட்டோர் 2025 பிப்ரவரியில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். உள்தேர்வில் மூன்று முறை தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். எண்ணிக்கை இன்னும் அதிகம் என்றது ஊழியர் அமைப்பு. கையில் கிடைத்தது ஒரு மாதக் கருணைத்தொகை. நிறுவனக் கணக்கேட்டில் ஒரு கணினிக்கு மூன்றாண்டு ஆயுள் உறுதி. இந்த இளைஞர்களுக்கு ஐந்து மாதம்கூட இல்லை.

குஜரிக் கடைக்குத் திரும்புவோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள் பதிவுக்கு நான்கு வகையினரை மட்டுமே அறிந்திருக்கின்றன: உற்பத்தியாளர், சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர். திரட்டுபவருக்கும் பிரிப்பவருக்கும் முந்தைய விதிகளில் இருந்த இடம் இவற்றில் இல்லை. தில்லி சீலம்பூரில் செம்புக்காகக் கம்பியைக் கொளுத்துபவரும், தங்கத்துக்காகச் சுற்றுப்பலகையை அமிலத்தில் முக்குபவரும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்கள். ஈயம் அவர்களுடைய நுரையீரலை அறியும். மறுசுழற்சிக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் கொடுங்கள் என்று அரசு விதித்தபோது, அதுவே அதிகம் என்று சாம்சங், எல்ஜி, டைகின் முதலிய நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றப் படியேறின. ஸ்ரீபெரும்புதூரில் சங்கப் பதிவுக்காகத் தொழிலாளர்களை 37 நாள் வேலைநிறுத்தத்தில் நிற்கவைத்த அதே சாம்சங்தான்.

நம்மிடையேயும் சிலர் இதை நுகர்வு மோகம் என்று சுருக்கி, பயனாளர் தலையில் பழியைக் கட்டுகிறார்கள். மகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி மடிக்கணினி எடுத்த பீடித் தொழிலாளிக்கு எந்த மோகமும் இல்லை. அவர் வாங்கிய பொருளின் மதிப்பை அவரைக் கேளாமலே வேறொருவர் அழித்துவிட்டார். அவரிடம் போய்ச் சிக்கனம் பேசுவது இடதுசாரி அரசியல் ஆகாது.

மாற்று வழி கற்பனையன்று. கேரளப் பொதுப்பள்ளிகள் உரிமக் கட்டணமில்லாக் கட்டற்ற இயங்குதளத்தில் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றன. பெங்களூருவில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சேரிப் பிள்ளைகளுக்காக நடத்திய அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம், கொடையாக வந்த கணினிகளிலேயே தொடங்கியது. கர்நாடக அரசு அலுவலகங்களில் கழிக்கப்படும் கணினிகளை ஏலக்காரரிடம் எடைக்குத் தள்ளாமல், கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பலாம். அதற்கு ஓர் அரசாணை போதும். பிரித்தெடுக்கும் தொழிலாளரை விதிகளுக்குள் கொண்டுவந்து பதிவும் ஈஎஸ்ஐயும் முகக்காப்பும் தருவதற்கு ஓர் ஒன்றியத் திருத்தம் வேண்டும். முதல் கோரிக்கையை மைசூரு மாவட்ட ஆட்சியரிடமிருந்தே தொடங்கலாம். அவரது அலுவலகத்திலும் விண்டோஸ் 10 கணினிகள் இருக்கும்.