பட்டமா, பட்டை நாமமா?

கைப்பேசியைத் திறந்தால் போதும், ஆசை காட்டுகிறார்கள். "வீட்டிலிருந்தே எம்.பி.ஏ.! வேலையை விட வேண்டியதில்லை! மாதத் தவணை உண்டு!" கோட்டு அணிந்த இளைஞன் ஒருவன் கண்ணாடி மாளிகை முன் நின்று சிரிக்கிறான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி போல ஆடிக்கு ஒரு விலை, தீபாவளிக்கு ஒரு விலை! கல்வியைக் கடைச்சரக்காக்கிவிட்டார்கள், தோழர்களே! கடைச்சரக்கு என்றான பிறகு, தட்டிப் பார்த்துத்தானே வாங்க வேண்டும்?

சென்ற வாரம் திருப்பூர்த் தோழர் ஒருவர் நம்மைக் காண வந்தார். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பதினாறு வயதில் கைமடிக்கும் பையனாக நுழைந்தவர். இரவில் கண் விழித்து, தபால் வழியில் பி.காம். தேறியவர். இப்போது மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை, அதற்கு எம்.பி.ஏ. இருந்தால் நல்லது என்கிறார்களாம். நாள்தோறும் மூன்று முறை 'கவுன்சிலர்' பேசுகிறார் என்றார். எந்த வார்டு என்று கேட்டுவிட்டோம்! வார்டு கவுன்சிலர் அல்லவாம். பட்டம் விற்றுத்தரும் கம்பெனியின் ஆள் தம்மை அப்படி அழைத்துக்கொள்கிறாராம். கட்டணம் ஏறத்தாழ இரண்டு இலட்சம். "இன்றிரவுக்குள் சேர்ந்தால்தான் சலுகை" என்று நெருக்குகிறாராம்.

"சேரலாமா, அண்ணா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. எப்படி எழும்? 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை மறந்தவர்களா நாம்? அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார்கள். குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்தது. பெரியார் போர்க்கோலம் பூண்டார்; கழகத் தோழர்கள் தெருவில் இறங்கினர். ஆச்சாரியார் பதவி விலகினார். 1954-இல் காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அன்று அவ்வாறு காப்பாற்றிய பள்ளிக்கூடத்தில் படித்துவந்தவரின் பேரன்தான் இன்று எம்.பி.ஏ. கேட்கிறான். "உனக்கெதற்கு அது?" என்று அவனைக் கேட்கும் உரிமை எவனுக்கும் கிடையாது!

ஆனால், அந்த ஆசையைக் காசாக்கப் பார்க்கிறானே ஒருவன், அவனிடம் ஏமாறலாமா?

முதலில் அங்கீகாரம். இணைய வழிப் பட்டம் இளப்பம் என்று சிலர் எண்ணுகிறார்கள். தவறு. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிய அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் இணைய வழிப் பட்டமும் கல்லூரிக்குச் சென்று பெறும் பட்டத்துக்குச் சமமே. 2022 செப்டம்பரில் பல்கலைக் கழக மானியக் குழு இதை மீண்டும் அறிவித்தது. 'உரிய அனுமதி பெற்ற' என்ற சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. பல்கலைக் கழகத்தின் பெயர் பெரியதாயிருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தப் பருவத்துக்கு, அனுமதி இருக்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் அந்தப் பட்டியலை இணையத்தில் வெளியிடுகிறது. கல்வி 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனதை நாம் இன்றும் ஏற்கவில்லை. அதற்காக, டில்லிக்காரன் பட்டியல்தானே என்று பார்க்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்! 2024 முதல், சேருகிறவர் தாமே அந்தப் பணியகத்தின் தளத்தில் அடையாள எண் உருவாக்கிக் கொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அதைக் கவுன்சிலர் கையில் கொடுக்காமல் நீங்களே செய்யுங்கள். வரவில்லையென்றால் கிளைக் கழகத்தில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன் இல்லாமலா போவான்?

பித்தலாட்டம் எந்த அளவுக்குப் போயிற்று தெரியுமா? 'பத்தே நாளில் எம்.பி.ஏ.' என்று கடை விரித்தார்கள். நம்பாதீர்கள் என்று 2024-இல் மானியக் குழுவே எச்சரிக்க வேண்டியதாயிற்று. பத்து நாளில் பனங்கிழங்குகூட முளைக்காதே! அதற்கு முன், 2023 டிசம்பரில், அங்கீகாரமற்ற வெளிநாட்டுக் கூட்டில் கல்வித் தொழில்நுட்பக் கம்பெனிகள் விற்கும் பட்டங்கள் செல்லா என்று அறிவித்தது. பட்டம் தருவது பல்கலைக் கழகம். நடுவில் நிற்பவன் தரகன். அவன் கையெழுத்து உங்கள் சான்றிதழில் இராது.

அடுத்தது பணம். 'வட்டியில்லாத் தவணை' என்கிறார்களே, அது பெரும்பாலும் பல்கலைக் கழகம் தரும் தவணையன்று. நிதிக் கம்பெனி ஒன்று உங்கள் பெயரில் தரும் கடன். மொத்தப் பணமும் முதல் நாளே அங்கே போய்விடும். ஆறாம் மாதம் ஆர்டர் குறைந்து, ஷிப்டு வெட்டி, படிப்பை விட்டுவிட்டாலும் கடன் உங்களை விடாது. வீட்டம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிற வழி அதுதான். திருப்பூர்த் தோழரிடம், அவர் கைப்பேசிக்கு வந்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னோம். பதினோரு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். கடன் என்ற சொல் நான்காம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. அவர் முகம் சுருங்கியது.

மலிவாக, மரியாதையாகப் படிக்க வழி இல்லையா? இருக்கிறது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில் எம்.பி.ஏ. முழுவதும் ஓர் இலட்சத்துக்குள் அடங்கும். ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை. இரண்டு ஆண்டில் முடிக்கலாம். முடியாதவர்க்குக் கூடுதல் அவகாசம் உண்டு. தொழிலாளிக்கு அந்த அவகாசம் பெரிய உதவி. பாடநூல்கள் 'ஈ-ஞானகோஷ்' தளத்தில் எவரும் காசின்றிப் படிக்கக் கிடக்கின்றன. குறையும் உண்டு: பாடம் ஆங்கிலத்தில், பின்னாலிருந்து தள்ளிவிட ஆளில்லை, நாமே படிக்க வேண்டும். 2002-இல் நம் சட்டமன்றம் உருவாக்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தையும் விசாரியுங்கள். இவற்றுக்கு விளம்பரம் செய்யக் கோட்டுப் போட்ட இளைஞன் இல்லை என்பதால் இவை மட்டமாகிவிடுமா?

பணம் கட்டுமுன் ஒரு பரீட்சை பாருங்கள். 'ஸ்வயம்' என்று 2017-இல் தொடங்கிய அரசுத் தளத்தில் மேலாண்மை, கணக்கியல் பாடங்கள் இலவசம். தேர்வு எழுதினால்தான் கட்டணம். ஷிப்டு முடிந்து வந்து வாரந்தோறும் உட்கார முடிகிறதா? முடிந்தால் சேருங்கள். மூன்றாம் வாரமே தூக்கம் தள்ளினால், தப்பியது உங்கள் பணம்.

அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ எண்ணுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசையைத் தமிழ்நாடு அரசின் 2009-ஆம் ஆண்டு ஆணை வற்புறுத்துகிறது. பிளஸ் டூ தேறாமல் நேரே திறந்தநிலைப் பட்டம் பெற்றவர், அதன்மேல் எம்.பி.ஏ. என்ற மாடியைக் கட்டுமுன் அடித்தளத்தைப் பார்க்கட்டும்.

பல்கலைக் கழகங்களுக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தரகன் தொழிலாளி வீட்டுக் கதவைத் தட்டுகிறான். பல்கலைக் கழகம் தட்டுவதில்லை! மாலை வேளையில் ஆலை வாசலில் ஒரு மேசை போட்டு, இன்ன படிப்பு, இன்ன கட்டணம், இன்ன அனுமதி என்று தமிழில் எழுதி ஒட்டினால் யார் தடுக்கப்போகிறார்கள்? வணிக மேலாண்மையைத் தமிழில் எழுதத் தமிழில் சொல்லா இல்லை? திருப்பூரில் கோடி கோடியாய் ஏற்றுமதி நடக்கிறதே, அதன் கணக்கையும் பேரத்தையும் இரவெல்லாம் தமிழில்தானே பேசி முடிக்கிறார்கள்!

தோழரிடம் கடைசியாக ஒன்று கேட்டோம். "இந்தப் பட்டம் வாங்கினால் மெர்ச்சண்டைசர் ஆக்குவதாக உங்கள் கம்பெனி சொன்னதா?" சற்று நேரம் பேசாமலிருந்தார். "கேட்கவில்லையே, அண்ணா" என்றார்.

எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறோம். ஸ்வயத்தில் கணக்கியல் பாடம் ஒன்றில் அங்கேயே பெயர் பதிந்தார். நடுவில் கவுன்சிலர் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. இரவு ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று பஸ் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார்.