உலக ரேங்கிங் 864: டென்னிஸ் கோர்ட்டில் இருந்து காமெடி மேடைக்குப் போன மைக்கேல் கோஸ்டா

'தி டெய்லி ஷோ' கிளிப்களை ரீல்ஸில் பார்ப்பவர்களுக்கு மைக்கேல் கோஸ்டா தெரிந்த முகம்தான். 2017 முதல் அந்த அமெரிக்க நையாண்டி நிகழ்ச்சியின் நிருபர். 2024-ல் ஜான் ஸ்டூவர்ட் திங்கட்கிழமைக்கு மட்டும் திரும்பி வந்தார். மற்ற நாட்களை நிருபர்களே முறை வைத்து நடத்துகிறார்கள், அதில் இவரும் ஒருவர். ஆனால், இவர் ஒரு காலத்தில் புரொஃபஷனல் டென்னிஸ் பிளேயர் என்பது பலருக்குத் தெரியாது. ஒற்றையரில் எட்டிய உச்சம், 864-வது இடம்.

864-ஆ என்று சிரிக்கத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். இல்லினாய்ஸ் பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர் கோஸ்டா. அப்போது அங்கு பயிற்சியாளராக இருந்த கிரெய்க் டைலிதான் பிறகு ஆஸ்திரேலிய ஓப்பனையே நடத்தியவர். அந்த லெவலில் ஆடித்தான் 864.

பிரச்னை திறமை இல்லை, பணம். அன்றைக்குக் கீழ்மட்ட 'ஃபியூச்சர்ஸ்' போட்டிகளில் மொத்தப் பரிசே 10,000 டாலரில் தொடங்கும். அதை அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். கோஸ்டா ஆடியதற்குப் பல வருடம் கழித்து, 2013-ம் ஆண்டுக் கணக்கை வைத்து சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு ஓர் ஆய்வு செய்தது. கோச் செலவைச் சேர்க்காமலேயே ஓர் ஆண் வீரருக்கு வருடத்துக்குச் சுமார் 38,800 டாலர் செலவு. கைக்காசு போடாமல் தப்பிக்க 336-வது ரேங்க்குக்குள் இருக்க வேண்டும் என்றது. அப்போ 864?

பெரிய பெயர்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு கமென்ட்ரி இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத பிளேயருக்குப் பெரும்பாலும் கோச்சிங்தான். கோஸ்டாவும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். பிறகுதான் ஸ்டாண்ட்-அப்.

யோசித்துப் பார்த்தால் இது அவ்வளவு தூரமான தாவல் இல்லை. ரெண்டுமே தனி ஆள் வேலை. சொதப்பினால் டீம்மேட் மேல் பழி போட முடியாது. சொந்தக் காசில் ஊர் ஊராகப் போக வேண்டும். ஓப்பன் மைக்கில் கிடைப்பது சில நிமிடங்கள், சம்பளம் பெரும்பாலும் பூஜ்யம். ஃபியூச்சர்ஸ் ஆடியவருக்கு இதெல்லாம் பழகிய வாழ்க்கை.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டென்னிஸில் தோல்வி ரேங்கிங் பட்டியலில் ஏறிவிடும், அழிக்க முடியாது. காமெடியில் அதே தோல்விதான் மெட்டீரியல். 864 என்ற நம்பருக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. மேடையில் அதைச் சொன்னாலே பாதி ஜோக் ரெடி.

2025-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் பெயர் 'லக்கி லூசர்'. இது டென்னிஸில் நிஜமாகவே இருக்கும் வார்த்தை. தகுதிச் சுற்றின் கடைசி மேட்ச்சில் தோற்றவருக்கு, மெயின் டிராவில் யாராவது விலகினால் கிடைக்கும் இடம் அது. 2012 ஃபிரெஞ்சு ஓப்பனில் டேவிட் கோஃபின் அப்படி நுழைந்துதான் நான்காவது சுற்று வரை போனார். ஃபெடரரிடம் ஒரு செட்டும் எடுத்தார்.

இதில் 'லக்கி' என்பது பாதிதான் உண்மை. வாய்ப்பு வேண்டும் என்றால், தோற்ற பிறகும் பெயரைப் பதிவுசெய்து, ராக்கெட்டோடு மைதானத்திலேயே காத்திருக்க வேண்டும். பல பேர் அதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கோஸ்டா தொகுத்த 'கிரவுட் கோஸ் வைல்ட்' என்ற ஸ்போர்ட்ஸ் டிவி ஷோ, 2013-ல் தொடங்கி ஒரு வருடம்கூட ஓடவில்லை. டெய்லி ஷோ அழைப்பு வந்தபோது அவருக்கு வயது 37.